முப்பது குதிரை சக்தி என்றேன்

1956-ஆம் வருடத் தை மாதம் என்று நினைவு. திருக்கழுக்குன்றத்திலிருந்து மகாபலிபுரம் போகிற சாலையில் எங்களுக்குக் கொஞ்சம் நிலம் இருந்தது. வீடு, கோயிலைச் சுற்றிய மாடவீதியில். தலைமுறை தலைமுறையாகக் கோயில் உத்தியோகம் பார்த்த குடும்பம் எங்களுடையது. நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு, வருகிற நெல்லை வாங்கிப் போட்டுக்கொண்டு சும்மா இருந்தவர்கள். நான் ஒருவன்தான் அதில் கோணல். செங்கல்பட்டில் கிடைத்திருந்த குமாஸ்தா வேலையை உதறிவிட்டு, மெஷின் வைத்து விவசாயம் செய்யப்போகிறேன் என்று கிளம்பினேன். வயது இருபத்தெட்டு. யார் எது சொன்னாலும் 'எனக்குத் தெரியும்' என்று சொல்லிக்கொண்டு திரிந்த காலம் அது.

அதற்கு முந்தின வருடம் ஒரு டிராக்டர் வாங்கியிருந்தேன். சின்ன வண்டி, பதினைந்து குதிரை சக்தி. அந்த வட்டாரத்தில் டிராக்டர் என்றால் பெரிய மிராசுதார்கள் வைத்திருக்கிற ஆளுயரச் சக்கர வண்டிதான். என் வண்டி சாலையில் போனால் டீக்கடையில் உட்கார்ந்திருப்பவர்கள் சிரிப்பார்கள். "சாமி டிராக்டர் ஓட்டினு போறாரா, கன்னுக்குட்டி ஓட்டினு போறாரா?" என்று ஒருவன் கேட்டது என் காதிலேயே விழுந்தது. வேலை என்னவோ அது நன்றாகத்தான் செய்தது. ஆனால் அந்தக் 'கன்னுக்குட்டி' மட்டும் எனக்கு முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நடந்ததற்கெல்லாம் இந்த ரோஷம்தான் காரணம்.

அந்த வருடம் நல்ல விளைச்சல். களத்தில் வைக்கோல் மலையாகக் குவிந்து கிடந்தது. பட்டணத்துப் பால்காரர்களிடம் அனுப்பினால் நல்ல விலை போகும். ஆனால் உதிரி வைக்கோலை லாரியில் ஏற்றினால் பார்க்கத்தான் கோபுரம் மாதிரி இருக்கும், எடையே இருக்காது. அதை அழுத்திச் சிப்பமாகக் கட்டினால் ஒரே லாரியில் மூன்று மடங்கு போகும். அப்படிக் கட்டுகிற வைக்கோல் பிரஸ் ஒன்று ஊரப்பாக்கத்தில் விலைக்கு இருக்கிறது என்று ஒரு லாரி டிரைவர் சொன்னார். யுத்த காலத்தில் பட்டாளத்துக் கோவேறு கழுதைகளுக்குத் தீவனம் கட்டிய மெஷினாம். ஏலத்தில் எடுத்த ஒருவர் ரிப்பேர் செய்து வைத்திருக்கிறாராம். மறுநாள் காலையிலேயே பஸ் ஏறிவிட்டேன்.

டிரங்க் ரோட்டு ஓரமாக ஓலைக் கொட்டகை. உள்ளே ஆயில் எஞ்சின்கள், சக்கரங்கள், சுவரில் ஒரு சிலுவை. காக்கி நிஜார் போட்ட ஒரு மனிதர், நாற்பத்தைந்து வயதிருக்கும், எஞ்சினுக்கு அடியிலிருந்து எழுந்து வந்தார். பட்டாளத்து ஒர்க்ஷாப்பில் பத்து வருடம் வேலை பார்த்தவராம். எந்த ஊர் என்று கேட்டேன். நம் ஆட்களுக்கு இதைக் கேட்காவிட்டால் அடுத்த பேச்சு வராதே. கடப்பாக்கம் பக்கம் என்றார். பிறகு நான் கேட்காமலே, "எங்கப்பா பண்ணையாளு சார். சாவுற வரைக்கும் சேத்துலதான் இருந்தாரு" என்று சாதாரணமாகச் சொன்னார். சொன்னதில் வெட்கமும் இல்லை, வீம்பும் இல்லை. எனக்குத்தான் உடம்பு ஒரு மாதிரி விறைத்தது. அவர் என்னை 'சாமி' என்று கூப்பிடாமல் 'சார்' என்றதும் அப்போதுதான் உறைத்தது. என் நிலைமை இன்னும் மோசம். வயதில் மூத்தவரை 'நீ' என்று சொல்ல வாய் வரவில்லை, 'நீங்கள்' என்று சொல்ல மனசு வரவில்லை. அன்றைக்கு முழுக்க ஆளைக் குறிக்கிற சொல்லே இல்லாமல் பேசிச் சமாளித்தேன்.

மெஷின் நன்றாகவே இருந்தது. மேலே வைக்கோல் போடுகிற மரத்தொட்டி. உள்ளே முன்னும் பின்னும் போய் இடிக்கிற கனமான கட்டை. பக்கத்தில் ஒரு பெரிய இரும்புச் சக்கரம். டிராக்டரிலிருந்து பெல்ட் போட்டு ஓட்ட வேண்டும். "பழசுதான் சார், பொய் சொல்ல மாட்டேன். சக்கரத்துப் பல்லு ரெண்டு மாத்திகீறேன்" என்றார். எதை மாற்றினார், எது இன்னும் இரண்டு வருடத்தில் தேயும் என்று அவராகவே காட்டினார். பழைய சாமான் விற்கிறவர்களில் அப்படி ஓர் ஆளை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. பிறகும் பார்த்ததில்லை.

அதன் பிறகு மூலையிலிருந்து, பெல்ட் மாட்டுகிற இரண்டு புல்லிகளை உருட்டிக்கொண்டு வந்தார். ஒன்று சிறியது, மற்றது அதைப் போல் இரண்டு பங்கு. "பெரிய வண்டின்னா இந்தச் சின்னது மாட்டணும், வேகமா அடிக்கும். சின்ன வண்டின்னா இந்தப் பெருசு. மெதுவாத்தான் போவும், ஆனா தெணறாது. உங்க வண்டி எத்தினி எச்.பி. சார்?"

கொட்டகையில் இன்னும் இரண்டு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். வேட்டியும் கடிகாரமுமாக, எஞ்சின் வாங்க வந்த மிராசுதார்கள். இரண்டு பேரும் என் பதிலுக்காகத் திரும்பிப் பார்த்தார்கள்.

"முப்பது" என்றேன்.

நாக்கு கூசவில்லை. புல்லி பெரியதானால் என்ன, சிறியதானால் என்ன, ஓடுகிறது ஓடிவிட்டுப் போகிறது என்று நினைத்துக்கொண்டேன். கையில் விளக்கை வைத்துக்கொண்டே கிணற்றில் விழுகிறவன் என்பார்களே, அவன் நான்தான். அந்த மனிதர் சந்தோஷப்பட்டு, "அப்ப இன்னா கவல?" என்று சிறிய புல்லியை மாட்டி முடுக்கினார். பெரியதை மறுபடியும் மூலைக்கே உருட்டிவிட்டார்.

அத்தோடும் விடவில்லை அவர். "ஒரு நாளு நானே வந்து வண்டியப் பாத்து, மெஷின நிறுத்தி, ஆளுங்களுக்கு வேல காட்டிக் குடுத்துட்டு வரேன் சார். கூலி ஒண்ணும் வாணாம். பஸ்சுக்கும் ஒரு வேள சோத்துக்கும் பாத்துக்கோங்க, போதும்."

அந்த ஒரு வேளைச் சோறுதான் என்னைத் தூக்கிவாரிப் போட்டது. வந்தால் எங்கே உட்காரவைப்பது? எந்த இலையில், யார் பரிமாறுவது? களத்திலேயே கொடுத்தனுப்பலாம் என்றால், பட்டாளத்தில் இருந்தவர், சார் என்று பேசுகிறவர், அவரைப் பண்ணையாட்களோடு உட்காரச் சொல்வது எப்படி? வீட்டுக்குக் கூப்பிட்டால் மாடவீதி முழுக்க வாசலில் நிற்கும். ஒரு நிமிடத்துக்குள் இத்தனையும் மனதில் ஓடியது. "வேண்டாம், எங்கிட்ட மெக்கானிக் இருக்கான்" என்றேன். இது இரண்டாவது பொய்.

"மெக்கானிக்கு இந்த மெஷின பாத்திருக்க மாட்டாரு சார். வக்கல் சிக்கினா எப்பிடி எடுக்கிறது, எங்க கை வைக்கக் கூடாதுன்னு…" என்று ஆரம்பித்தார். "எல்லாம் தெரியும்" என்று சொல்லிக்கொண்டே நான் லாரி பேசப் போய்விட்டேன். அவர் அந்த வாக்கியத்தை எப்படி முடித்திருப்பார் என்று இந்த நாற்பது வருடமாக நானாகவே முடித்து முடித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

மெஷின் களத்துக்கு வந்து சேர்ந்தது. எங்கள் நிலத்தில் வேலை செய்த ஒரு புருஷன் பெண்சாதியை அதில் வேலைக்கு வைத்தேன். களத்துக்குப் பின்னால் எங்கள் மனையிலேயே குடிசை போட்டுக்கொண்டிருந்தவர்கள். அவன் பக்கத்தில் உட்கார்ந்து சிப்பத்துக்குக் கம்பி கட்டுவான். அவள் தொட்டியில் வைக்கோல் போடுவாள். நான் டிராக்டரில். அவளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். முப்பது வயது இருக்கும். நடவில் அந்த ஊரிலேயே முதல் ஆள். அவள் வரிசையின் தலையில் இறங்கினால்தான் மற்ற பெண்கள் இறங்குவார்கள். நாற்று முடியை இடது கையில் வைத்துக்கொண்டு வலது கையால் அவள் நடுகிற வேகத்தைச் சாலையில் போகிறவர்கள் நின்று பார்ப்பார்கள். அறுவடை இல்லாத மாதங்களில் அந்த வீட்டில் உலை கொதித்தது அவளுடைய நடவுக் கூலியால்தான்.

முதல் நாளே தெரிந்துவிட்டது. இரண்டு கை வைக்கோல் வாரிப் போட்டால் இடிக்கிற கட்டை பாதி வழியில் திணறும். டிராக்டர் புகை கக்கிவிட்டு அணைந்துபோகும். அப்புறம் சிக்கிய வைக்கோலைக் கையால் பிடுங்கி எடுத்துவிட்டு, ஹேண்டில் போட்டுச் சுற்றி மறுபடியும் கிளப்ப வேண்டும். கால் மணிக்கு ஒரு தடவை இந்தக் கூத்து. மூலைக்கு உருண்டுபோன பெரிய புல்லி எனக்கு அப்போதே ஞாபகம் வந்தது. ஊரப்பாக்கம் ஒன்றும் சீமையில் இல்லை. காலையில் பஸ் ஏறினால் மதியத்துக்குள் வாங்கிக்கொண்டு வந்துவிடலாம். ஆனால் போய் என்னவென்று சொல்வது? முப்பது இல்லை, பதினைந்துதான் என்றா? போகவில்லை.

அதற்குப் பதிலாக ஒரு குறுக்குவழி கண்டுபிடித்தேன். எஞ்சின் திணற ஆரம்பித்ததுமே கிளட்சை மிதித்துக்கொள்வேன். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும், பெல்ட் நின்றுவிடும். நான் "எடு" என்பேன். அவள் தொட்டிக்குள் கையை விட்டுச் சிக்கலைப் பிடுங்குவாள். பிறகு காலை எடுத்தால் மெஷின் மறுபடி ஓடும். ஹேண்டில் சுற்றுகிற தொல்லை இல்லை. என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

மூன்றாம் நாள் பகல். சிப்பங்களை ஏற்ற லாரி வந்து நின்றுவிட்டது. பாதிகூடக் கட்டி முடியவில்லை. டிரைவர் நிமிடத்துக்கு ஒரு தடவை ஹாரன் அடித்தார். "இன்னா சாமி, இன்னும் எத்தினி நேரம்? வெளிச்சத்துலயே தாம்பரம் தாண்டணும், தெரியுமில்ல?" மெஷின் சிக்கியது. கிளட்சை மிதித்தேன். "எடு" என்றேன். அவள் குனிந்து முழங்கை வரைக்கும் கையை விட்டாள். டிரைவர் என் டிராக்டரைப் பார்த்து, "பெரிய வண்டியா இருந்தா இன்னேரம் முடிஞ்சிருக்கும்" என்றார். எனக்கு வந்ததே கோபம்! சீட்டில் அப்படியே திரும்பி அவரைப் பார்த்துக் கத்தினேன். திரும்பின வேகத்தில் என் கால் கிளட்சிலிருந்து நழுவிவிட்டது.

கட்டை ஒரே ஒரு தடவைதான் இடித்தது.

அவள் போட்ட சத்தத்தை எழுத எனக்குத் தெரியாது. அவள் புருஷன் பெல்ட்டைத் தோளால் முட்டித் தள்ளினான். சக்கரத்தைப் பின்னால் திருப்பிக் கையை எடுக்கவேண்டும் என்பதுகூட எங்கள் யாருக்கும் தெரியவில்லை. அதைச் செய்தது லாரி டிரைவர்தான். அதே லாரியில் அவளை ஏற்றிக்கொண்டு செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம். வழியெல்லாம் அவள் தலை என் மேல்துண்டில் சாய்ந்திருந்தது. வலது கையில் கட்டைவிரல் மட்டும்தான் மிஞ்சியது.

ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்ட பிறகு விபத்து விவரம் எழுதிக்கொள்கிறவர் வந்தார். எப்படி நடந்தது என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள், கட்டிலில் படுத்திருந்த அவள் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். "மெஷினு ஓடிகினு இருக்கச்சே நான்தான் தெரியாம கைய வுட்டுட்டேன் சார். யாரு மேலயும் தப்பு இல்ல" என்றாள். அவர் என்னைப் பார்த்தார். நான் தலையை அசைத்தேன். அவர் எழுதிக்கொண்டு போய்விட்டார். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிடம் எனக்கு வந்தது அழுகை இல்லை, நிம்மதி. அதற்காக இன்றைக்கும் என்னை நானே காறித் துப்பிக்கொள்கிறேன்.

பத்து நாள் கழித்து என் குற்றத்தையெல்லாம் யார் தலையிலாவது கட்டவேண்டும் என்று தோன்றியது. ஊரப்பாக்கம் போனேன். "ஓட்டை மெஷினை என் தலையில் கட்டியாச்சு, ஒரு பொம்பளைக்குக் கை போச்சு" என்று கொட்டகை வாசலில் நின்று கத்தினேன். அந்த மனிதர் சண்டைக்கு வரவில்லை. "யாரு கை சார்? எந்தக் கை?" என்று மட்டும் கேட்டார். உடனே ஒரு பையில் நட்டு கழற்றுகிற சாவிகளைப் போட்டுக்கொண்டு என்னோடு பஸ் ஏறிவிட்டார்.

களத்துக்கு வந்ததும் அவர் பார்வை மெஷின் மேல் போகவில்லை. டிராக்டர் மேல்தான் போனது. சுற்றி வந்தார். முன்பக்கம் ஒட்டியிருந்த தகட்டில் படிந்திருந்த புழுதியைக் கட்டைவிரலால் துடைத்தார். பட்டாளத்தில் படித்தவர், இங்கிலீஷ் எழுத்து தெரியும்.

"முப்பதுன்னீங்களே சார்" என்றார், எனக்கு மட்டும் கேட்கிற குரலில்.

"வித்தவன் அப்படித்தான் சொன்னான்" என்றேன். இது மூன்றாவது.

அதற்குள் குடிசையிலிருந்து அந்தப் பெண் வந்துவிட்டாள். கழுத்திலிருந்து தொங்கிய துணியில் கை. பின்னால் அவள் புருஷன், இன்னும் நாலைந்து பேர். "இன்னாம்மா ஆச்சு? எப்பிடிக் கை மாட்டுச்சு?" என்று அவர் கேட்டார். அவள் ஆஸ்பத்திரியில் சொன்னதையே ஒரு சொல் மாறாமல் சொன்னாள். "நான்தான் தெரியாம வுட்டுட்டேன். யாரு மேலயும் தப்பு இல்ல." சொல்லும்போது அவரைப் பார்க்கவில்லை, என்னையே பார்த்தாள். அவரும் என்னைப் பார்த்தார். பேசவேண்டியவன் நான்தான் என்று எனக்குத் தெரிந்தது. புழுதியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவர் சாவியை எடுத்தார். மெஷினிலிருந்து புல்லியைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டார். "இனிமே இது ஓட வாணாம் சார். ஆள அனுப்பி எடுத்துக்கறேன், நீங்க குடுத்தத வாங்கிக்கோங்க" என்றார். பிறகு குனிந்து அவர்கள் குடிசைக்குள் போனார். அன்றைக்கு அங்கேதான் சாப்பிட்டார். சொன்னபடியே மெஷினையும் எடுத்துக்கொண்டு, விலையையும் திருப்பிக் கொடுத்தார். நானும் கை நீட்டி வாங்கிக்கொண்டேன்.

சித்திரைக்குள் அந்தக் குடும்பம் குடிசையைப் பிரித்துக்கொண்டு போய்விட்டது. ஊரப்பாக்கத்துக்காரர் தன் கொட்டகையில் அவள் புருஷனுக்கு வேலை கொடுத்திருந்தார். என்னிடம் சொல்லிக்கொள்ளக்கூட இல்லை. "ஆஸ்பத்திரிச் செலவெல்லாம் பார்த்தேன், நன்றி கெட்ட ஜனங்கள்" என்று நான் வீட்டில் சொன்னேன். கேட்டவர்கள் ஆமாம் என்றார்கள். ஊரில் யாருக்கும் உண்மை தெரியாது. மெஷினில் கவனமில்லாமல் கையை விட்டவள் என்றே அவள் பேர் நின்றுபோயிற்று. நடவுக்கு வந்த பெண்கள்கூட, "அவளோ அவசரக்காரி, அதான்" என்று பேசிக்கொண்டதை வரப்பில் நின்று கேட்டிருக்கிறேன். அப்போதும் சும்மாதான் இருந்தேன்.

பதினைந்து வருடத்துக்குப் பிறகு ஒரு நாள் செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டில் அவளைப் பார்த்தேன். தலை நரைத்திருந்தது. இடது கையில் பை. அவள்தான் என்னை முதலில் அடையாளம் கண்டுகொண்டாள். "சாமி, நல்லா கீறீங்களா?" என்று சிரித்தாள். மகன் ரயில்வேயில் வேலையாக இருக்கிறானாம், பெண்ணைக் கட்டிக்கொடுத்தாயிற்றாம். இத்தனை வருடம் மனதில் சொல்லிச் சொல்லிப் பார்த்ததை அன்றைக்கு ஒருவழியாகச் சொன்னேன். "அன்னிக்கு என் கால்தான் நழுவித்து. உன் மேல தப்பே இல்லை."

அவள் ஆச்சரியப்படவில்லை. "எனக்குத் தெரியும் சாமி, நான் பாத்துகினுதானே இருந்தேன்" என்றாள்.

"அப்புறம் ஏன் அப்படிச் சொன்னே?"

பஸ் வருகிற பக்கம் திரும்பிக்கொண்டாள். "உங்க மனையில குடியிருந்துகினு வேற இன்னா சொல்றது? ஆனா, நான் அப்பிடிச் சொன்னதும் நீங்க இல்லன்னு சொல்லுவீங்கன்னு நெனச்சேன். ஆஸ்பத்திரிலயும் நெனச்சேன், களத்துலயும் நெனச்சேன். அவ்ளோதான்."

பஸ் வந்தது. "வரேன் சாமி" என்று இடது கையால் கம்பியைப் பிடித்து ஏறிக்கொண்டாள். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

கால் நழுவியதை யாராவது மன்னிக்கலாம்; இரண்டு தடவை அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தபோது, ஊர் கேட்க 'இல்லை' என்ற ஒரு சொல்லை நான் சொல்லாததை, பதினைந்து வருடம் கழித்து பஸ் ஸ்டாண்டில் அவள் காதில் மட்டும் சொல்லிச் சரிசெய்துவிட முடியாது என்பது இந்த வயதில் எனக்கு நன்றாகவே தெரிகிறது.